விடுமுறைக்குப் போகும் வீட்டுப்பாடம்

அரையாண்டுத் தேர்வு முடியும் நாளில் பல பள்ளிகளில் நடப்பதுதான் எங்கள் உயர்நிலைப் பள்ளியிலும் நடந்து வந்தது. கடைசித் தேர்வு முடிந்து விடைத்தாள்களைக் கட்டி வைத்ததும், ஒவ்வொரு பாட ஆசிரியரும் பத்தாம் வகுப்புக்குள் போய் விடுமுறை வேலையைச் சொல்லிவிட்டு வருவோம். நெடுவினாக்கள் எல்லாவற்றையும் இரண்டு முறை எழுதி வர வேண்டும். வினாத்தாள் முழுவதற்கும் விடை எழுத வேண்டும். வரைபடங்கள், ஒரு மதிப்பெண் வினாக்கள், இலக்கணம் என்று பட்டியல் நீளும். தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் அதிகம் இல்லை. "ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும்" என்றுதான் ஒவ்வொருவரும் சொல்வோம்.

பாடங்கள் ஐந்து. ஆகவே அது ஐந்து மணி நேரம். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 220 வேலை நாள்களும் 1000 கற்பித்தல் மணி நேரமும் வேண்டும் என்கிறது. வகுத்துப் பார்த்தால் ஒரு நாளுக்கு ஏறத்தாழ நாலரை மணி நேரம். நாம் விடுமுறைக்குக் கொடுத்தனுப்பும் வேலை, சட்டம் ஒரு பள்ளி நாளுக்குக் கேட்பதைவிடக் கூடுதலாக இருக்கிறது. கணித ஆசிரியை என்பதால் இந்தக் கூட்டல் எனக்குக் கொஞ்சம் சீக்கிரம் கண்ணில் பட்டது, அவ்வளவுதான்.

அந்த ஐந்து மணி நேரத்தைப் பிள்ளைகள் எப்படிச் செய்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாததல்ல. முதல் ஆறு ஏழு நாள் நோட்டு பையைவிட்டு வெளியே வராது. கடைசி இரண்டு நாளில் அக்கா ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம் என்று வீடே உட்கார்ந்து எழுதும். கையெழுத்து மாறுவதைப் பார்த்தாலே தெரியும். எழுதிய பிள்ளையைக் கூப்பிட்டு, எழுதியதில் ஒன்றைக் கேட்டால் விழிக்கும். படிப்பு இப்படிப் போகிறது என்றால், ஓய்வு மட்டும் கிடைத்ததா? அதுவும் இல்லை. எழுதாத நோட்டு நினைவில் இருந்துகொண்டே இருக்கும். கிரிக்கெட் ஆடும்போதும், மாமா வீட்டில் இருக்கும்போதும் "இன்னும் அறிவியல் தொடவே இல்லை" என்ற பயம் விடாது. "ஒன்பது நாளும் ஜாலியாவும் இல்ல, படிக்கவும் இல்ல டீச்சர்" என்று ஒரு மாணவி சொன்னாள். இதைவிடச் சரியாக நான் சொல்லிவிட முடியாது.

அதற்காக வேலையே கொடுக்காமல் அனுப்பிவிடலாமா? பத்தாம் வகுப்பில் அதற்குத் துணிவு வருவதில்லை. வரவும் கூடாது என்றே நினைக்கிறேன். மறதி விடுமுறை எடுத்துக்கொள்வதில்லை. ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய அறிஞர், பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து தம் நினைவாற்றலையே சோதித்து 1885-இல் வெளியிட்ட முடிவு இன்றும் பி.எட். பாடத்தில் இருக்கிறது. கற்றதில் பெரும்பகுதி முதல் சில மணி நேரத்திலும் முதல் நாளிலுமே நழுவுகிறது. அதன் பிறகு மறதியின் வேகம் குறைகிறது. அமெரிக்காவில் ஹாரிஸ் கூப்பரும் உடன் ஆய்வாளர்களும் நீண்ட கோடை விடுமுறை குறித்த 39 ஆய்வுகளைத் தொகுத்து 1996-இல் வெளியிட்டார்கள். சராசரியாக ஒரு மாதக் கல்வி அளவுக்கு மாணவர்கள் பின்தங்குவதாக அதில் கண்டார்கள். வாசிப்பைவிடக் கணிதத்தில் இழப்பு அதிகம். கணிதத்திலும் செய்முறைக் கணக்கீடுகளில் அதிகம். நம் கோடை விடுமுறையும் அவர்களுடையதும் ஒன்றல்ல. ஆனாலும் ஜூன் மாதம் ஒன்பதாம் வகுப்புக்குள் நுழையும் கணித ஆசிரியர் எவரும் இதை மறுக்க மாட்டார்கள். பரப்பளவு என்றால் என்ன என்று பிள்ளை நன்றாகவே சொல்லும். ஆனால் கழித்தல் குறிக்குப் பின்னால் உள்ள அடைப்பை நீக்கும்போது உள்ளே இருக்கும் குறிகளை மாற்ற மறந்திருக்கும்.

எனவே கேள்வி எவ்வளவு கொடுப்பது என்பதோடு நிற்கவில்லை. எந்த மாதிரி வேலையைக் கொடுப்பது என்பதும் இருக்கிறது. பார்த்து எழுதுவது ஏன் பயன்படுவதில்லை என்பதற்கு ஓர் ஆய்வு எனக்கு உதவியது. 2006-இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இருவர் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு பத்தியைப் படிக்கக் கொடுத்தார்கள். ஒரு குழு அதையே மறுபடியும் படித்தது. இன்னொரு குழு பத்தியைப் பார்க்காமல் நினைவில் இருப்பதை எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தவர்களே முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழானது. நினைவிலிருந்து எழுதியவர்கள் 56 விழுக்காடும், திரும்பப் படித்தவர்கள் 42 விழுக்காடும் நினைவில் வைத்திருந்தார்கள். விடுமுறை முடிந்து திரும்பும் பிள்ளையிடம் நாம் கேட்பது அந்த ஒரு வாரம் கழித்துக் கேட்கும் கேள்வியைத்தான்.

இதையெல்லாம் வைத்துக் கடந்த சில ஆண்டுகளாக எங்கள் பள்ளியில் செய்து வருவதைச் சொல்கிறேன். கடைசித் தேர்வு நாளன்று பத்தாம் வகுப்பின் ஐந்து ஆசிரியர்களும் அரை மணி நேரம் உட்காருவோம். எல்லாப் பாடத்துக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் என்பதுதான் உச்சவரம்பு. கணிதத்துக்கு 40 நிமிடம், அறிவியலுக்கு 30, ஆங்கிலத்துக்கு 30, சமூக அறிவியலுக்கு 20. கூட்டினால் 120 நிமிடம் முடிந்துவிடுகிறது. தமிழாசிரியர், "எனக்கு நேரமே வேண்டாம், நூலகத்திலிருந்து ஆளுக்கொரு கதைப் புத்தகம் கொடுத்து அனுப்புகிறேன்" என்று சொல்லிவிட்டார். அந்தப் புத்தகத்துக்கு வினா கிடையாது, குறிப்பு எழுதுவதும் கிடையாது. முதல் ஆண்டு இந்த நேரப் பங்கீட்டில் கொஞ்சம் மனத்தாங்கல் வந்ததை மறைக்க வேண்டியதில்லை. தலைமையாசிரியர் உடன் இருந்ததால் நல்லபடியாக முடிந்தது.

கணிதத்துக்கு நான் கொடுப்பது ஒரே ஒரு தாள். டிசம்பர் 24, 25 இரண்டு நாளும் புத்தகத்தைத் தொடவே கூடாது என்று அதில் முதல் வரியாகப் போட்டிருப்பேன். ஜனவரி 1-ம் அப்படியே. இடையில் 26 முதல் 31 வரையுள்ள ஆறு நாளில், ஊர்ப் பயணமோ வீட்டு விசேஷமோ வரும் ஒரு நாளைப் பிள்ளைகளே விட்டுவிடலாம். ஆக ஐந்து நாள், நாளைக்கு ஐந்து கணக்கு, மொத்தம் 25. முன்பு கொடுத்த முழு வினாத்தாளோடு ஒப்பிட்டால் இது குறைவு. ஆனால் ஒரே நாளில் 25-ஐயும் போட்டால் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்று சொல்லித்தான் அனுப்புகிறேன். ஒவ்வொரு நாளும் போட்ட தேதியை எழுத வேண்டும்.

அந்த ஐந்து கணக்கும் ஒரே பாடத்திலிருந்து வராது. முதல் நாள் தாளில் ஒரு கூட்டுத் தொடர்வரிசை, காரணிப்படுத்தித் தீர்க்கும் ஓர் இருபடிச் சமன்பாடு, இரு புள்ளிகள் வழியே செல்லும் நேர்க்கோட்டின் சமன்பாடு, ஒரு கூம்பின் கன அளவு, இரண்டு பகடைகளை உருட்டும் நிகழ்தகவு என்று இருக்கும். மறுநாள் தொடர்வரிசை மறுபடி வரும், வேறு உடுப்பில்: முதல் வாரம் 50 ரூபாயும், அடுத்தடுத்த வாரம் 5 ரூபாய் கூடுதலாகவும் சேமித்தால் 20 வாரத்தில் எவ்வளவு சேரும்? கூம்புக்குப் பதில் அரைக்கோளம் வரும். பிள்ளைகளுக்கு இது பிடிப்பதில்லை. "ஒரே மாதிரி கணக்கா கொடுங்க டீச்சர், அதுதான் ஈஸியா வருது" என்பார்கள். ஈஸியாக வருவது உண்மைதான். முதல் கணக்கில் எந்தச் சூத்திரம் என்று தெரிந்துவிட்டால் மீதி ஒன்பதிலும் எண்ணை மாற்றிப் போட்டால் போதும். பொதுத்தேர்வு வினாத்தாளில் கணக்குக்குப் பக்கத்தில் பாடத்தின் பெயர் எழுதியிருக்காதே.

இதற்கும் ஒரு சோதனை உண்டு. ரோரர், டெய்லர் என்ற ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்டது. வழக்கத்தில் இல்லாத நான்கு திண்மங்களின் கன அளவைக் காணக் கல்லூரி மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு வகையை முடித்துவிட்டு அடுத்த வகைக்குப் போனவர்கள் பயிற்சியின்போது 89 விழுக்காடு சரியாகச் செய்தார்கள்; கலந்து பயிற்சி செய்தவர்கள் 60 விழுக்காடுதான். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில், வகைவகையாகச் செய்தவர்கள் 20 விழுக்காடு, கலந்து செய்தவர்கள் 63 விழுக்காடு. நம் அளவியல் பாடத்துக்கு அப்படியே பொருந்துகிற சோதனை என்பதால் இந்த எண்களைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். அன்றோடு அந்த வேண்டுகோள் நின்றது என்று சொல்ல முடியாது, ஆனால் குறைந்தது.

தாளின் பின்பக்கத்தில் செய்முறை இருக்கும். முதலில் புத்தகத்தை மூடி வைத்துக்கொண்டு, அன்றைய ஐந்து கணக்குக்கும் எந்தச் சூத்திரம் தேவை என்று நினைவிலிருந்து எழுத வேண்டும். பிறகு கணக்கைப் போட வேண்டும். எல்லாம் முடிந்த பின்புதான் புத்தகத்தைத் திறக்கலாம். தவறாக இருந்தால் அழிக்கக் கூடாது. பக்கத்தில் வேறு நிற மையில் சரியானதை எழுத வேண்டும். வராத கணக்கை எட்டு நிமிடத்துக்கு மேல் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டாம். ஒரு வட்டம் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம். 40 நிமிடம் ஆனதும், முடிந்தாலும் முடியாவிட்டாலும் எழுந்துவிட வேண்டும். நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்குத்தான் இந்தக் கடைசி விதி கஷ்டமாக இருக்கிறது.

அறிவியல் ஆசிரியரும் இதே வழியை எடுத்துக்கொண்டார். நியூரான் படத்தை ஐந்து முறை பார்த்து வரைவதற்குப் பதில், பார்க்காமல் ஒரு முறை வரைந்து பாகங்களைக் குறித்துவிட்டுப் புத்தகத்தோடு ஒப்பிட வேண்டும். இரண்டு நாள் விட்டு மறுபடி ஒரு முறை.

மெல்லக் கற்கும் மாணவர்களுக்குத் தாள் வேறு. அவர்களிடம் ஐந்து கலப்புக் கணக்குகளைக் கொடுத்தால் ஐந்திலும் வட்டம் போட்டுக்கொண்டு வருவார்கள். செய்முறை வடிவியலும் வரைபடமும் தலா 8 மதிப்பெண். தேர்ச்சிக்கு வேண்டிய 35-இல் கிட்டத்தட்டப் பாதி அங்கேயே இருக்கிறது. ஒரு நாள் வட்டத்துக்குத் தொடுகோடு வரைதல், மறுநாள் இருபடிக் கோவையின் வரைபடம், கூடவே வாய்ப்பாடு சார்ந்த இரண்டு சிறு கணக்கு. வரைபடத்தாளை நானே எண்ணிக் கொடுத்துவிடுகிறேன். விடுமுறையில் கடைக்குப் போய் வரைபடத்தாள் வாங்கி வருவான் என்று எதிர்பார்ப்பது வீண்.

இந்தத் தாளில் இன்னொரு கட்டம் இருக்கிறது. "என் நேரம்" என்று அதற்குப் பெயர். ஒவ்வொரு நாளும் எத்தனை மணிக்கு உட்காரப் போகிறோம் என்பதை மாணவர்கள் வகுப்பிலேயே, போகும் முன்பே நிரப்ப வேண்டும். "காலை 6 முதல் 8 வரை படி" என்று நாம் சொல்லிவிடலாம். எங்கள் பிள்ளைகளில் பலருக்கு அந்த நேரம் அவர்களுடையதாக இருப்பதில்லை. ஒருவன் ஆட்டை ஓட்டிக்கொண்டு போக வேண்டும். ஒருவனை அண்ணனின் மெக்கானிக் கடையில் உட்கார வைப்பார்கள். ஒரு மாணவியின் அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். சமையலும் நாலு வயதுத் தம்பியும் அவள் பொறுப்பு. வீடு ஒரே அறை. மாலையில் தொலைக்காட்சி ஓடும். யோசித்து யோசித்துக் கடைசியில் அவள் எழுதியது "மதியம் 2 முதல் 2.40, தம்பி தூங்கும் நேரம்" என்று. பத்து நிமிடம் பேசி அந்த நேரத்தைக் கண்டுபிடித்தோம். விடுமுறையில் வேலை கூடும் பிள்ளைகள் பெரும்பாலும் பெண் பிள்ளைகள் என்பது இந்தக் கட்டத்தை நிரப்பச் சொன்ன பிறகுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. பெற்றோருக்கும் அந்த நேரத்தைச் சொல்லி, அதில் மட்டும் கூப்பிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறோம். இரண்டு மணி நேரம் கேட்டால் தயங்குகிறவர்கள்கூட, 40 நிமிடத் தவணைகளுக்குத் தலையாட்டுகிறார்கள்.

பெற்றோர் எல்லோரும் இதை வரவேற்றார்கள் என்று நினைக்க வேண்டாம். "பக்கத்து ஊர் பள்ளியில நோட்டு முழுக்க எழுதச் சொல்லி இருக்காங்க. நீங்க ஒரே ஒரு பேப்பர் தர்றீங்களே டீச்சர்?" என்று ஓர் அப்பா கேட்டார். அந்தத் தாளில் உள்ள ஒரு கணக்கை அவர் முன்னாலேயே மகனைப் போடச் சொன்னேன். சூத்திரம் எழுதவே நாலு நிமிடம் ஆனது. "இது மாதிரி இருபத்தஞ்சுங்க ஐயா" என்றேன். சரி என்று போய்விட்டார்.

இனி ஓய்வு. ஓய்வு என்றால் நேரம் போவது என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். இரவு ஒரு மணி வரை செல்பேசி, காலை பத்து மணிக்கு எழுவது. ஒன்பது நாள் இப்படிப் போனால் பள்ளி திறக்கும் அன்று முதல் பாடவேளையில் வகுப்பே கொட்டாவி விடும். 13 முதல் 18 வயது வரை நாளுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016-இல் வெளியிட்ட பரிந்துரை. 6 முதல் 12 வயதுக்கு 9 முதல் 12 மணி நேரம். தூக்கம் படிப்புக்கு எதிரியல்ல என்பதும் பழைய செய்தி. 1924-இல் ஜென்கின்ஸ், டாலன்பாக் இருவரும், கற்ற பின் விழித்திருந்தவர்களைவிடத் தூங்கியவர்கள் குறைவாக மறப்பதைச் சோதித்துக் காட்டினார்கள். நான் பிள்ளைகளிடம் கேட்பது ஒன்றுதான்: பள்ளி நாளில் தூங்கும் நேரத்தைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப் போகாதீர்கள். செல்பேசியே கூடாது என்று சொல்வதில்லை. சொன்னால் கேட்பார்களா என்ன? படுக்கும்போது அது வேறு இடத்தில் இருக்கட்டும் என்று சொல்கிறேன். பாதிப் பேராவது செய்வார்கள் என்று நம்புகிறேன்.

கிணறு, ஏரி, கல்குவாரிப் பள்ளம் இவற்றில் பெரியவர் துணையின்றி இறங்கக் கூடாது என்பதையும் கடைசி நாளன்று சொல்லித்தான் அனுப்ப வேண்டும், முக்கியமாகக் கோடையில். வீட்டுப்பாடத்தைவிட உரத்த குரலில் இதைச் சொல்கிறேன்.

நம் ஓய்வைப் பற்றி ஒரு வரி. அரையாண்டு விடைத்தாள் கட்டு நம்மோடுதான் வீட்டுக்கு வருகிறது. அதற்கும் தேதி போட்டு, நாளைக்கு இத்தனை தாள் என்று பிரித்துக்கொண்ட ஆண்டுதான் நானும் பிள்ளைகளோடு இரண்டு நாள் வெளியூர் போக முடிந்தது.

பள்ளி திறந்ததும் தாள்களை வாங்கி மதிப்பெண் போடுவதில்லை. முதல் பாடவேளையில் பத்து வினா கொண்ட ஒரு சிறு தேர்வு, புத்தகம் மூடியிருக்க. அது எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. பிறகு தாள்களைப் பரப்பி வைத்து, எந்தக் கணக்கில் வட்டம் அதிகம் என்று அவர்களே எண்ணுவார்கள். சென்ற ஆண்டு நேர்க்கோட்டின் சமன்பாட்டில் வட்டங்கள் குவிந்திருந்தன. சாய்வு வரைக்கும் சரியாக வந்துவிட்டு, அதைச் சமன்பாட்டில் பிரதியிடும் இடத்தில் நின்றிருந்தார்கள். ஜனவரித் திருப்புதலை முதல் பாடத்திலிருந்து தொடங்காமல் அங்கிருந்தே தொடங்கினோம். தாளே கொண்டு வராத மூன்று நான்கு பேர் எப்போதும் உண்டு. அவர்களைத் தனியே அழைத்துக் கேட்டால் காரணம் பெரும்பாலும் அந்த "என் நேரம்" கட்டத்தில் இருக்கிறது. எழுதிய நேரம் அவர்களுக்கு உண்மையில் கிடைத்திருக்காது.

தொடக்கப் பள்ளிக்கு இது அப்படியே பொருந்தாது. எண்ணும் எழுத்தும் வகுப்புகளைக் கையாளும் என் தோழி, விடுமுறைக்கு எழுத்து வேலையே கொடுப்பதில்லை. பாட்டியிடம் ஒரு கதை கேட்டு வந்து வகுப்பில் சொல்வது, கடையில் மீதிச் சில்லறையை எண்ணி வாங்குவது, பேருந்தின் பெயர்ப் பலகையை வாசிப்பது, இவைதான் அவர் கொடுக்கும் வேலை. நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பழைய 'ஊஞ்சல்' இதழ் ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்புகிறார். நடுநிலை வகுப்புகளுக்கு 'தேன்சிட்டு' இதழை இப்படித் தரலாம்.

கோடை விடுமுறைக்குப் பத்தாம் வகுப்புக்குப் போகும் ஒன்பதாம் வகுப்பினருக்கு இதே தாளை நீட்டித்துத் தருகிறேன். மே முதல் இரண்டு வாரம் ஒன்றுமில்லை. அதன் பிறகு வாரத்துக்கு மூன்று நாள், நாளைக்கு நான்கு கணக்கு. மாங்காய் பறிக்கும் பருவம் இது. எங்கள் கிருஷ்ணகிரி பக்கத்துக் குடும்பங்கள் பல தோப்பிலேயே இருக்கும். அதிகம் கேட்டால் ஒன்றும் வராது.

கோடையில் தாளைவிட முக்கியமானது, மூன்றாவது வாரத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தொலைபேசி அழைப்பு. வகுப்பாசிரியர்கள் பிரித்துக்கொண்டு பேசுகிறோம். கணக்கு எத்தனை போட்டாய் என்று கேட்டுத்தான் பேச்சு தொடங்கும். ஒரு முறை அப்படிக் கேட்டபோது, ஒரு மாணவன் சித்தப்பாவோடு திருப்பூருக்குப் போய்விட்டான், பனியன் கம்பெனியில் சேர்த்துவிடப் போகிறார்கள் என்று தெரிந்தது. பள்ளி திறந்து வருகைப் பதிவேட்டைப் பார்க்கும்போது தெரிந்திருந்தால் நாள் கடந்திருக்கும். தலைமையாசிரியரும் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர் ஒருவரும் வீட்டுக்குப் போய்ப் பேசினார்கள். ஒரு முறை அல்ல, மூன்று முறை. வாங்கியிருந்த முன்பணத்தைத் திருப்பிக் கொடுப்பதுதான் சிக்கலாக இருந்தது. ஜூன் மூன்றாம் வாரம் அவன் வகுப்புக்கு வந்தான். தாள் பையிலேயே இருந்தது, மடித்த மடிப்பு கிழிந்து. திருப்பூர் போகும் முன் மூன்று நாள் கணக்கு போட்டுத் தேதியும் எழுதியிருந்தான். நான்காம் நாள் கணக்கை என் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போடச் சொன்னேன்.